ஹாஜியார் ஸ்டோரில் ஒரே ஒரு கதிரை

புதன்கிழமை காலை ஸ்டோரைத் திறந்ததும் றுஸ்னா முதலில் செய்த வேலை, கராம்பு மூட்டை ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போலச் சுட்டது. கையை எடுத்து அடுத்த மூட்டையைத் தொட்டாள். அதுவும் சூடுதான்.

பச்சைக் கராம்புக்குப் பொறுமை கிடையாது. மரத்திலிருந்து இறங்கிய கையோடு காம்பை ஒடித்து, மொட்டை வேறாக்கி, முற்றத்தில் வெயிலுக்குப் பரப்பிவிட வேண்டும். மூட்டைக்குள்ளேயே கிடந்தால் வெந்து வெளிறிப்போகும். வெளிறிய கராம்பைப் பாதி விலைக்குக்கூட யாரும் சீந்தமாட்டார்கள். இந்த மூட்டைகள் திங்கள் மாலை வந்தவை. இன்று பொழுது சாய்வதற்குள் அவிழ்க்காவிட்டால் ஸ்டோர் முதலாளி ஜுனைதீன் ஹாஜியாரின் இந்த வருஷத்துச் சீசன் அம்போதான்.

அவிழ்க்க வேண்டிய கைகளோ கேட்டுக்கு எதிரே, பூட்டிக் கிடந்த கடையொன்றின் தகரத் தாழ்வாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தன. இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்து காம்பொடிக்கிற பெண்கள். போன சீசனில் இவர்களைப் போல மூன்று மடங்கு பேர் வந்தார்கள். இப்போது சிலர் சவூதியில் யார் வீட்டுத் தரையையோ துடைக்கிறார்கள், சிலர் கார்மென்ட்டுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்குத் தங்கள் கையின் விலை தெரிந்துவிட்டது. நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு போதாது, இரண்டாயிரம் வேண்டும் என்று செவ்வாய் மத்தியானம், உட்கார்ந்து காம்பொடிக்கிற படங்கு விரிப்பை உதறிவிட்டு எழுந்து போனார்கள். ஹாஜியார் முடியாது என்றார்.

அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். றுஸ்னாவுக்கு அதைக் கேட்டதும் வயிறு எரிந்தது. அதுதான் உண்மை. ஏனென்றால் இரண்டாயிரம் கிடைத்துவிட்டால், ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அழகம்மா, ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிப் பதினொரு வருஷமாக அந்த ஸ்டோரின் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிற றுஸ்னாவைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பாள். சும்மா கூடுதல் அல்ல, நன்றாகவே கூடுதல்.

றுஸ்னா உக்குவளைக்காரி. வணிகப் பிரிவில் மூன்று பாடமும் தேறியவள். பல்கலைக்கழகத்துக்கு, கெம்பஸுக்கு, இடம் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்தவளை ஹாஜியார் கூப்பிட்டு ஒபிஸ் கதிரையில் உட்கார வைத்தார். அதற்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் ஸுஹைல் நானா. அவர் சம்பளம் கூட்டிக் கேட்ட மாதம்தான் றுஸ்னாவுக்கு வேலை கிடைத்தது. அவர் வாங்கியதைவிடக் குறைவான சம்பளத்துக்கு அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். இருபத்திரண்டு வயதில் அதெல்லாம் யாருக்குத் தோன்றுகிறது! தலைக்கு மேலே காத்தாடி, மேசையில் கம்ப்யூட்டர், வீட்டுக்குப் போகும்போது சுத்தமான கை. கலியாணம் பேச வந்த மாமிகூட “மருமகள் ஒபிஸ்ல வேல செய்ற” என்று ஊர் முழுக்கச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார். கணவன் றம்ஸியின் ஆட்டோவுக்கு மாதாமாதம் லீசிங் கட்டுவது அந்தக் கதிரைதான்.

அந்தத் தைரியத்தில் போன வாரம் அவளும் சம்பளம் கூட்டிக் கேட்டாள். ஹாஜியார் கோபப்படவில்லை. சிரித்தபடி கைபேசியை நீட்டினார்.

“பேஸ்புக்ல ஒரு போஸ்ட் போடுங்க மகள். ஒபிஸ் வேலைக்கு ஆள் தேவ, ஏ.எல். பாஸா ஈக்கணும் என்டு. சும்மாதான், என்னா வருதுன்டு பாப்பம்.”

தன் கதிரைக்குத் தானே விளம்பரம் எழுதினாள் றுஸ்னா. ஸ்டோரின் புதிய ஆங்கிலப் பெயரில்தான் போஸ்ட் போனது. வாசலில் தொங்கும் பழைய பலகையைப் பார்த்துப் பழகிய எவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அன்று பின்னேர அஸர் தொழுகைக்குள் அறுபதுக்கு மேல் மெசேஜ். ‘எவ்வளவு சம்பளம் என்றாலும் பரவாயில்லை மேடம்’ என்று சில பிள்ளைகள் கேட்காமலே எழுதியிருந்தார்கள்.

“பாத்தீங்களா?” என்றார் ஹாஜியார். அவ்வளவுதான் பேச்சு. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. நோன்புக்கு அரிசி கொடுப்பார், சாவு விழுந்த மையித்து வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார். ஆனால் எந்தச் சாமான் சந்தையில் மலிந்து கிடக்கிறது, எது தட்டுப்பாடு என்று பார்த்து விலை வைப்பது அவருடைய ரத்தத்தில் ஊறியது. அவருக்கு மனிதரும் அந்தக் கணக்கில்தான் வந்தார்கள்.

செவ்வாய் மாலை அந்தக் கணக்கு அவருக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது.

“அந்த மெசேஜ் போட்ட புள்ளயளுக்குப் போன்ல கோல் எடுங்க. நாளக்கிக் காலையில வரச் செல்லுங்க. மொதல்ல ட்ரெய்னிங், கொஞ்ச நாளைக்குக் கராம்பு பழகணும். ட்ரெய்னிங்ல அரச் சம்பளம். பொறகு பாப்பம் என்டு செல்லுங்க.”

“பொறகு வேல குடுப்பீங்களா ஹாஜியார்?”

“பொறகு பாப்பம் என்டுதானே செல்லச் சென்ன.” அவர் குரல் தணிந்தது. “இது சரியா முடிஞ்சா ஒங்கட சம்பளத்தயும் கூட்டித் தாரன், மகள்.”

றுஸ்னா ஒவ்வொரு நம்பராக எடுத்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ட்ரெய்னிங் என்றாள், ஸ்டோர் இருக்கும் இடம் சொன்னாள், பிறகு பார்க்கலாம் என்றாள். சொல்லாமல் விட்டதைத்தான் பொய் என்று சொல்ல வேண்டும். ஒன்பது பிள்ளைகள் கட்டாயம் வருகிறோம் என்றார்கள். அதில் ஒருத்தி, விதுஷா என்றவள், “தேங்க்யூ மேடம், தேங்க்யூ” என்று நாலைந்து தரம் சொன்னாள். அந்த நன்றி இரவு முழுக்க றுஸ்னாவின் காதைவிட்டுப் போகவில்லை.

இப்போது மூட்டை சுடுகிறது. ஹாஜியார் கேட்டைக் காட்டி, கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொன்னார். றுஸ்னா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

“ஆயிரத்து அறுநூறுன்டா வருவீங்களா, அழகம்மா?”

அழகம்மாதான் அந்தப் பெண்களுக்கு வாய். நாற்பத்தைந்து வயது, கராம்பு எண்ணெய் ஏறி விரல்நுனியெல்லாம் பழுப்பு. “ரெண்டாயிரத்துக்கு ஒரு சதம் கொறைஞ்சாலும் வரமாட்டோங்க மிஸ். மொதலாளிக்கிட்ட சொல்லிருங்க. சாக்கு சூடேறுறது எங்களுக்கும் தெரியும்ங்க.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சண்டைச் சிரிப்பு அல்ல, வேறு ஏதோ உள்ளே வைத்திருக்கிற சிரிப்பு. பக்கத்திலிருந்தவள் போட்டு உடைத்தாள். “அவளுக்கு இன்னைக்குக் கால் தரையில நிக்காதுங்க மிஸ். மக இன்டர்வியூவுக்குப் போகுது.”

“ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனிங்க, மாத்தளையிலதான்,” என்றாள் அழகம்மா. “ராத்திரி அவுங்களே போன் பண்ணாங்களாம். இந்தக் காம்ப ஒடிச்சு ஒடிச்சுத்தான் மிஸ் அவள ஏ.எல். வரைக்கும் படிக்க வச்சேன். விடியக்காலம் அவ சாரிய மடிப்பு மடிப்பா அயன் பண்ணி வச்சிட்டு வந்திருக்கேன். அடுத்த பஸ்ஸுல வரும்.”

ராத்திரி போன் பண்ணியது றுஸ்னாதான். “மகட பேரென்னா?” என்று கேட்கத் தேவையில்லை என்று தெரிந்தும் கேட்டாள்.

“விதுஷா.”

உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தாள். கைபேசியில் அந்த நம்பர் கண்முன்னே இருந்தது. ஒரு கோல் போதும். வராதே பிள்ளை, பஸ்ஸிலிருந்து இறங்காதே என்று சொன்னால் போதும். ஆனால் ஹாஜியார் மேசைக்கு எதிரே நின்று, கேட்டையும் மணிக்கூட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய சம்பளம் அவர் நாக்கில் இருந்தது, அவளுடைய கதிரையும் அதே நாக்கில்தான் இருந்தது. றுஸ்னா கைபேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். யா அல்லாஹ், அந்தப் பிள்ளைக்கு பஸ் தவறிப்போகட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். தானே செய்ய வேண்டியதைச் செய்யாமல் அல்லாஹ்விடம் தள்ளிவிடுவது எவ்வளவு லேசு!

பஸ் தவறவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் அபாயா, சிலர் சல்வார், எல்லார் கையிலும் சான்றிதழ் வைத்த பைல். தகரத் தாழ்வாரத்துப் பெண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். யாரோ அதிகாரிமார் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு, மடிப்புக் கலையாத நீலச் சாரியில் ஒரு பெண் வீட்டு இலக்கம் தேடித் தேடி வந்து கேட்டருகே நின்றாள். திரும்பியவள் தாழ்வாரத்தைப் பார்த்தாள்.

“அம்மா? நீங்க எப்பிடி இங்க?”

அழகம்மா தாழ்வாரத்திலிருந்து எழுந்தாள். மகளின் முகத்தையும், கேட்டுக்குள்ளே தெரிந்த மற்றப் பிள்ளைகளையும், பைல்களையும் பார்த்தாள். ஹாஜியார் வாசலுக்கு வந்து, “வாங்க மகள், வாங்க, உள்ளுக்கு வாங்க” என்று அந்தப் பிள்ளையையும் சேர்த்து அழைத்தார். அவருக்கு என்ன தெரியும்! ஏ.எல். படித்த பிள்ளைகள் எல்லாம் எங்கோ டவுன் வீடுகளில் முளைக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். தன் முற்றத்தில் காம்பொடிக்கிற பெண்களின் தோட்டத்து லயத்து வீடுகளிலும் அவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் கணக்கில் வரவேயில்லை. றுஸ்னாவின் கணக்கிலும்தான்.

விதுஷா தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். அழகம்மா அவளைத் தடுக்கவில்லை.

படங்கு விரிக்கப்பட்டது. ஒரு சாக்கைக் கொட்டியதும் குப்பென்று ஆவி கிளம்பி எல்லாருக்கும் கண் எரிந்தது. பைலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காம்பை உள்ளங்கையில் அழுத்தி மொட்டைத் திருகுவதை ஹாஜியார் தானே குந்தியிருந்து செய்து காட்டினார். றுஸ்னா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி ஒரு எழுத்தும் அடிக்காமல் இருந்தாள்.

அப்போது கேட் திறந்தது. அழகம்மா தனியாக வந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராகப் படங்கின் ஓரத்துக்குப் போனாள்.

“எவ்வளவு தாராங்களாம்?”

மகள் தலை நிமிரவில்லை. “ட்ரெய்னிங்மா. அரைச் சம்பளம்.”

“அரைப்பேரா?”

தேயிலைத் தோட்டத்தில் முழு நாள் வேலைக்குக் கணக்கில் ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து கொண்டுவராதவளுக்குக் கங்காணி அரைப்பேர் போடுவான். காசு குறைவதைவிட, எல்லார் முன்னாலும் நீ அரை ஆள் என்று சொல்வதுதான் அதில் எரிகிறது.

“இருவது வருஷமா இந்தக் கையில ஒரு நா அரைப்பேர் வாங்குனதில்ல மொதலாளி,” என்றாள் அழகம்மா. “என் எடத்துல என் மவளக் கொண்டாந்து வச்சீங்க, சரி. வயித்துப் பொழப்பு, ஆரையும் குத்தம் சொல்லலீங்க. ஆனா பதிமூணு வருஷம் பள்ளிக்கொடம் போன புள்ளைக்கு நீங்க போடுறது அரைப்பேருங்களா?”

“அது ட்ரெய்னிங், அழகம்மா. பொறகு ஒபிஸ் வேல...”

“மிஸ்.” அவள் ஹாஜியாரை முடிக்க விடாமல் ஒபிஸ் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க மிஸ். இவளுகளுக்கு இங்க ஆபீஸ் வேல இருக்குங்களா?”

ஒன்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜியாரும் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, மகள், யோசித்துப் பேசு என்ற கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் இன்னும் பாரமாக இருந்தது. றுஸ்னாவுக்கு ஆட்டோ லீசிங் ஞாபகம் வந்தது, மாமியின் முகம் ஞாபகம் வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

“இல்ல,” என்றாள். “இங்க ஒரு கதிரதான் ஈக்குது. அதுல நான் உக்காந்தீக்கிறன். வேற வேல இல்ல. ஒங்க எல்லாருக்கும் கோல் எடுத்தது நான்தான். என்ன மன்னிச்சிருங்க.”

ஒரு பிள்ளை பைலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். இன்னொருத்தி எழுந்தாள். விதுஷா மட்டும் உட்கார்ந்தபடியே, கையிலிருந்த மொட்டைக் கீழே வைத்துவிட்டு, “முழுப்பேருன்னா செய்றோங்க சார். எங்களுக்கும் ரெண்டாயிரம், அம்மாவுங்களுக்கும் ரெண்டாயிரம்” என்றாள். கேட்டுப் பக்கத்தில் மற்றப் பெண்கள் வந்து நெருக்கி நின்றிருந்தார்கள்.

ஹாஜியார் மூட்டைகளைப் பார்த்தார். கொட்டிய சாக்கின் நடுவில் கராம்பு வெளிறத் தொடங்கியிருந்தது. வியாபாரி என்றால் எந்த நேரத்தில் தோற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது.

“படங்கு இன்னொண்டு விரிங்க,” என்றார்.

அன்று பொழுது சாய்ந்து மஃரிப் வரைக்கும் தாயும் மகளும், அபாயாவும் சீத்தைச் சேலையும் ஒரே படங்கில் இருந்து காம்பொடித்தார்கள். நாலு மூட்டை வெளிறிப்போனது, மற்றதெல்லாம் தப்பியது. பிள்ளைகள் முழுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவர்களில் ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை. அவர்கள் தேடி வந்தது கதிரையை அல்லவா!

வியாழன் மாலைதான் ஸ்டோரில் சம்பள நாள். எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு ஹாஜியார் றுஸ்னாவிடம் மிருதுவாகவே சொன்னார்.

“கொஞ்ச நாளைக்கு வீட்டுல ரெஸ்டா இரிங்க மகள். அந்த அழகம்மாட புள்ள, நல்லாப் பேசினிச்சே, அதக் கூப்பிட்டுப் பாக்குற என்டு நெனச்சன்.”

என்ன சம்பளத்துக்கு என்று அவள் கேட்கவில்லை. தெரிந்த விஷயம். அவளுக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆத்திரம் வந்தது, ஆனால் அந்த ஆத்திரத்துக்கு முன்னால் ஸுஹைல் நானா, பழைய குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இதே வாசலால் இறங்கிப் போன நாள் வந்து நின்றது.

கேட்டுக்கு வெளியே அழகம்மா காத்திருந்தாள். கண்ணைப் பார்த்துப் பேச அவளால் முடியவில்லை.

“மிஸ், மொதலாளி புள்ளைக்குப் போன் பண்ணாராம். அவ மாட்டேங்குறா. மிஸ்ஸோட எடம் எனக்கு வேணாங்குறா. நீங்க சொன்னா கேப்பா.” சேலைத் தலைப்பைத் திருகினாள். “நான் கேக்குறது அநியாயம்னு தெரியுதுங்க. எங்கூட வந்தா அவ ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வாங்கலாம்தான். அதுக்கா மிஸ் நான் அவளப் படிக்க வச்சேன்?”

இப்படியும் ஒரு வாய் கேட்குமா என்று றுஸ்னாவுக்கு முதலில் தோன்றியது. பிறகு, தன் உம்மா உயிரோடு இருந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பார் என்றும் தோன்றியது. அங்கேயே நின்று விதுஷாவுக்குக் கோல் எடுத்தாள். “வாங்க புள்ள, வந்து உக்காருங்க. நீங்க வராட்டி வேற ஒராள் வருவா” என்றாள். அது முழு உண்மை.

சனிக்கிழமை காலை றுஸ்னா வழக்கமான பஸ்ஸில்தான் ஸ்டோருக்கு வந்தாள். ஹாஜியார் திடுக்கிட்டார்.

“கீழ ஆள் பத்தல இல்லியா? நான் காம்பொடிக்கிறன்,” என்றாள்.

“ஏ.எல். படிச்ச நீங்க படங்குல உக்காருறதா? ஊர்ல என்னா செல்லுவாங்க மகள்?”

“புதன்கிழம ஒம்பது ஏ.எல். புள்ளயள உக்கார வச்சீங்களே ஹாஜியார்.”

வாசலில் புதிய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன, கையும் தேவைப்பட்டது. அழகம்மா தன் பக்கத்தில் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டாள். றுஸ்னா உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் விரல்நுனி எரிந்தது. வீட்டில் மாமி அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. கராம்பு மணத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் அது போகவில்லை.

அடுத்த வியாழன் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் விதுஷா. வாங்கியவர்கள் அவள் அம்மாவும் றுஸ்னாவும். கொடுத்த கையைவிட வாங்கிய கைகளுக்குத்தான் கூடுதல். மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

போகத் திரும்பியவள் நின்றாள். கைபேசியைக் காட்டி, “அந்தப் புள்ளைங்க இன்னும் மெசேஜ் போடுதுங்க மிஸ். வேல இருக்கான்னு தெனமும் கேக்குறாங்க. என்னா எழுதுறதுன்னு தெரியல” என்றாள்.

றுஸ்னா கையிலிருந்த கொத்தைத் திருகி மொட்டைக் கூடையில் போட்டாள். “கதிரையில ஆள் ஈக்குது என்டு எழுதுங்க. கீழ படங்குல எடம் ஈக்குது, ஒரு நாளைக்கு ரெண்டாயிரம், முழுப்பேர். விருப்பம்னா வாங்க என்டும் எழுதுங்க.”

விதுஷா அங்கேயே நின்று எழுதினாள். அறுபது சொச்சம் பேருக்கும் அந்தப் பதில் போனது. அழகம்மாவின் கை நின்றுவிட்டது. அவ்வளவு பேரும் வந்து இறங்கினால் இந்த இரண்டாயிரம் என்ன ஆகும் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும். அன்று வேலை முடியும் வரை அவள் ஒரு கண்ணைக் கேட்டின் மேலேயே வைத்திருந்தாள். வெள்ளி போனது, சனி போனது, அடுத்த வாரமும் போனது.

ஒருத்தியும் வரவில்லை.

“வரமாட்டாளுக மிஸ்,” என்று கடைசியில் மூச்சு விட்டாள் அழகம்மா. “எல்லாரையும் எங்கள மாதிரி ஒருத்திதானே படிக்க வச்சிருப்பா.”